மரணப் பள்ளத்தாக்கில் குளிர்காலக் குடித்தனம்

டெத் வேலி என்று ஓர் இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, அதற்குள்ளேயே ஒரு கோல்ஃப் மைதானமும் போட்டிருக்கிறார்கள் என்றால், அமெரிக்கர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. அதன் நடுவில் ஃபர்னஸ் கிரீக். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது இங்கேதான். உலகச் சாதனைப் பட்டியலில் இன்றைக்கும் அந்த எண்தான் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் ஐந்து சென்டிமீட்டரைச் சுற்றித்தான் தேறும். அப்பேர்ப்பட்ட இடத்தில், கடல்மட்டத்துக்கு 214 அடி கீழே, பேரீச்ச மரங்களுக்கு நடுவில் பச்சைப்பசேலென்று புல்வெளி விரிந்து கிடக்கிறது. உலகத்திலேயே தாழ்வான கோல்ஃப் மைதானம் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

நான் போனது ஜனவரியில். அக்காவும் அத்தானும் சான் ஹோசேயில் இருக்கிறார்கள். அத்தான் வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், ஓர் ஆர்.வி. வாங்கியது. முன்பக்கம் லாரி, பின்பக்கம் வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை எல்லாம் உண்டு. அக்கா தன் பங்குக்கு குக்கரையும் இட்லித் தட்டையும் ஏற்றி, அடுப்புக்கு மேலே பிள்ளையார் படம் ஒன்றையும் ஒட்டிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் சின்னக் கார் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். முகாமில் வீட்டை நிறுத்திவிட்டுக் காரை அவிழ்த்துக்கொண்டால் அப்புறம் ஊர் சுற்றக் கவலையில்லை.

இப்படி நவம்பரில் தெற்கே இறங்கி, ஏப்ரலில் வடக்கே ஏறுகிற ஓய்வுபெற்ற கூட்டம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய கூட்டம். ஸ்னோபேர்டு என்று அவர்களுக்குப் பெயர். அரிசோனாவின் யூமா, குவார்ட்ஸைட் போன்ற ஊர்களில் அவர்கள் மாதக்கணக்கில் தங்கிவிடுவார்கள். டெத் வேலி தேசியப் பூங்கா என்பதால் இங்கே அது நடக்காது. குறிப்பிட்ட நாள் வரைதான் தங்கலாம், பிறகு கிளம்ப வேண்டும்.

நாங்கள் நின்ற சன்செட் முகாமை, முகாம் என்பதைவிடச் சரளைக்கல் கொட்டிய திடல் என்று சொல்வதுதான் சரி. 200 வண்டிகளுக்கு மேல் நிறுத்தலாம். மரம் கிடையாது, மின்சாரம் கிடையாது, வண்டிக்கு நேரே தண்ணீர்க் குழாயும் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டுவதற்கு நேரம் காலம் உண்டு. ராத்திரியில் மூச்சு விடக்கூடாது. இலையுதிர் காலத்தில் திறப்பார்கள், வசந்தத்தில் மூடிவிடுவார்கள். 62 வயதைத் தாண்டிய குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் 80 டாலருக்கு ஆயுள்காலப் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். முகாம் வாடகை பாதியாகிவிடும். அத்தான் அந்தப் பாஸை ரேஷன் கார்டைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

காலையில் கோல்ஃபுக்குக் கிளம்புமுன் வீட்டு வேலை ஒன்று இருந்தது. ஆர்.வி. வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் சூரியோதயத்தை எழுதுவார்கள், இதை விட்டுவிடுவார்கள். வண்டியின் அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று கழிப்பறைக்கு, மற்றது குளித்த தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும். அத்தான் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முகாமின் கழிவுக் குழிக்குப் பக்கத்தில் வண்டியை அணைத்து நிறுத்தி, தடித்த குழாயைப் பொருத்தினார். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், அது காலியான பிறகுதான் மற்றது. பின்னால் வருகிற சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறினால் அன்று முழுக்க வண்டி நாறும்.

"மாப்ளே, ஐ.டி.யில முப்பது வருஷம் கிழிச்சேன். இவ்ளோ கவனமா ஒரு வேலை அங்க பாத்ததில்ல" என்றார் குழாயை உதறியபடி. கையுறை, துண்டு, கைகழுவ டெட்டால் என்று அக்கா ஒரு தனிப் பக்கெட்டே வைத்திருக்கிறாள். அதை யாரும் வேறு எதற்கும் தொடக்கூடாது.

மைதானத்துக்குப் போனபோது மணி ஒன்பதரை. விடியற்காலையில் நாலு டிகிரி இருந்த குளிர் அதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு விலகியிருந்தது. மதியத்தில் இங்கே இருபது டிகிரிக்குப் பக்கத்தில் வரும். நம்மூரில் மார்கழியில்கூட இவ்வளவு இதமான வெயில் கிடைக்காது. நான் கோல்ஃப் ஆடுகிறவன் அல்ல. பேட்டரி வண்டியை ஓட்டுவது என் பொறுப்பு. அத்தானோடு சேர்ந்து ஆட ஒரு கனடாத் தம்பதி வந்தார்கள். சஸ்காட்செவன் மாநிலத்துக் கோதுமை விவசாயிகள். நிலத்தை மகனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவந்தவர்கள். கனடாவைவிட்டு அதிக நாள் வெளியே இருந்தால் மாநில அரசின் மருத்துவக் காப்பீடு கைவிட்டுப் போய்விடும் என்பதால், அந்த அம்மாள் ஒரு சின்ன டைரியில் நாள் கணக்கு எழுதி வைத்திருந்தார். ஊரில் அன்று மைனஸ் இருபத்தெட்டு என்று போனில் காட்டிச் சிரித்தார். அங்கே பனியில் அகப்பட்டவர்களை நினைத்து வந்த சிரிப்பு அது. கொஞ்சம் குரூரம்தான், ஆனால் யாருக்கும் வரும்.

இந்த மைதானத்தில் பந்து கொஞ்சம் குறைவாகத்தான் பறக்கும் என்பார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே காற்று அடர்த்தி கூடுதல், குளிரென்றால் இன்னும் கூடும். அதனால் வழக்கமாக எடுப்பதைவிட ஒரு நம்பர் நீளமான மட்டையை எடுக்கச் சொல்கிறார்கள். அத்தானின் பந்து எங்கேயுமே சரியாகப் பறந்ததில்லை. இங்கே அவருக்கு அறிவியல் பூர்வமான காரணம் கிடைத்ததில் பரம சந்தோஷம்.

தரையைக் குனிந்து பார்த்தேன். அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவன மைதானங்களில் வெயில்கால அடிப்படைப் புல் பெர்முடா. அது வேறொன்றும் இல்லை, நம்முடைய அருகம்புல்லேதான். அதையும் அதன் கலப்பினங்களையும்தான் உலகம் முழுக்க வெப்ப நாட்டு மைதானங்களில் வளர்க்கிறார்கள். குளிர் வந்தால் அருகம்புல் பழுப்பாகித் தூங்கிவிடும். ஆகவே இலையுதிர் காலத்தில் அதை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதையைத் தூவித் தண்ணீரை விட்டால், குளிர்காலம் முழுக்கப் பச்சை. ஸ்னோபேர்டுகள் போனபின் ரை காய்ந்துபோகும், அருகு மறுபடி எழும். அக்காவிடம் சொன்னபோது, "அப்ப பிள்ளையாருக்கு ரெண்டு பறிச்சுக்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள். தேசியப் பூங்காவுக்குள் கல்லைக்கூட எடுக்கக்கூடாது என்று சட்டம் பேசினார் அத்தான். புல்லுக்கும் அது பொருந்துமா என்று இருவரும் ராத்திரிவரை வாதாடினார்கள்.

ஏழாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு கயோட்டி வந்தது. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. சாம்பல் உடம்பு, காதுக்குப் பின்னால் செம்பட்டை. நாங்கள் நாலு பேரும் நிற்பதை மதிக்கவேயில்லை. நேராக வந்து, அந்த விவசாயியின் பந்தை முகர்ந்து பார்த்தது. வாயில் கவ்வியது, ஒருமுறை மென்று பார்த்தது, பிறகு அவசரமே இல்லாமல் புளியம்பழம் பொறுக்கப் போகிறவர் நடையில் புதருக்குள் போய்விட்டது. கோல்ஃபில் இதற்கும் விதி உண்டு: ஆட்டத்தில் சம்பந்தமில்லாத ஒன்று பந்தைத் தூக்கிக்கொண்டு போனது உறுதி என்றால் அபராதம் கிடையாது, பந்து இருந்த இடத்தில் வேறொன்றை வைத்து ஆடலாம். இப்படியெல்லாம் யோசித்துச் சட்டம் எழுதியவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது. கயோட்டிக்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் கெஞ்சுகிறது. மனிதரிடம் பழகிய கயோட்டி கடைசியில் சாலையில் அடிபட்டுச் சாகும்.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்காமல் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிழக்குப் பக்க மலையடிவாரத்தில் டிராவர்டைன், டெக்சாஸ் என்று ஊற்றுகள் இருக்கின்றன. நெவாடாப் பக்கத்து மலைகளில் என்றோ விழுந்த மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து, வெதுவெதுப்பாக இங்கே வெளியே வருகிறது. இங்கிருக்கும் விடுதியின் நீச்சல்குளம், தோட்டம், மைதானம் எல்லாவற்றுக்கும் இந்த ஊற்றுதான். பாலைவனத்தில் கோல்ஃபா என்று கோபப்படத்தான் தோன்றும். முதல் பார்வையில் எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த மைதானத்தைவிடப் பழைய கதை ஒன்று இந்த ஊற்றைச் சுற்றி இருக்கிறது. கோபத்தை அதற்காக மிச்சம் வைப்பது நல்லது.

அந்தக் கதை இருக்கிற இடம் மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். டிம்பிஷா ஷோஷோனி மக்களின் குடியிருப்பு. சில வீடுகள், டிரெய்லர் வீடுகள், மெஸ்கீட் மரங்கள். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம். அதன் காயை இடித்து மாவாக்கித்தான் இம்மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டார்கள். குளிர்காலம் பள்ளத்தாக்கின் அடியில், வெயில் ஏறினால் பனமின்ட் மலைமேல் பைன் விதை பொறுக்க. இந்தப் பள்ளத்தாக்கு போட்ட விதிக்குக் கட்டுப்பட்டுக் குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் வந்த வெண்காரக் (போராக்ஸ்) கம்பெனியும் அதே விதியைத்தான் கற்றுக்கொண்டது. 1883 முதல் 1888 வரை ஓடிய ஹார்மனி வெண்கார ஆலையில் வெயில்காலத்தில் வேலையை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சூட்டில் கரைசல் ஆறாது, உப்புப் பொருக்கு கட்டாது. சீனத் தொழிலாளர்கள் சேற்றுநிலத்தில் சுரண்டிச் சேர்த்த வெண்காரத்தை, 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும் 165 மைல் தள்ளி மொஹாவி ரயில் நிலையத்துக்கு இழுத்துப்போயின. கம்பெனி விளம்பரத்தில் 20 கோவேறு கழுதை என்று வரும்.

பிற்பாடு வந்த பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் கம்பெனிக்குச் சுரங்கம் இடம் மாறிப்போனதும், போட்ட ரயில் பாதைக்கு வேலை வேண்டுமே என்று சுற்றுலா யோசனை வந்தது. 1927இல் குன்றின்மேல் ஒரு சொகுசு விடுதி கட்டினார்கள். அதே ஆண்டுவாக்கில் பேரீச்சந்தோப்பைப் பார்த்துக்கொண்டவர் மூன்று குழிகளோடு ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார். அது 1930களில் ஒன்பது ஆகி, 1968இல் வில்லியம் பெல் என்ற மைதான வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் பதினெட்டு ஆனது. விடுதியின் மண் செங்கற்களை அறுத்தது இந்தப் பகுதியின் பூர்வகுடித் தொழிலாளர்கள். 1933இல் பள்ளத்தாக்கு தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கேயே குடியிருந்தவர்களுக்கு அதில் இடம் எழுதப்படவில்லை. மூன்று ஆண்டு கழித்து அவர்களுக்கென்று மண் செங்கல் வீடுகள் சில கட்டிக் கொடுத்தார்கள். 1957 வாக்கில் அரசு மனம் மாறியது. வெயிலுக்கு ஒதுங்கி மலைக்குப் போன குடும்பங்களின் வீடுகளை, ஆள் இல்லாத வீடு என்று கணக்கு வைத்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கரைத்தார்கள். பாலைவனத்தில், அந்த அளவு தண்ணீரைக் கொண்டு.

வீடு போனால் போகட்டும் என்று எல்லோரும் கிளம்பிவிடவில்லை. பாலின் எஸ்டெவ்ஸ் போன்ற மூத்த பெண்கள் நகராமல் இருந்தார்கள். 1983இல் மத்திய அரசு டிம்பிஷா மக்களைத் தனிக் குடியாக அங்கீகரித்தது. 2000ஆவது ஆண்டில் தனிச் சட்டம் போட்டு 7,754 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் ஃபர்னஸ் கிரீக்கில் கிடைத்தது 314 ஏக்கர்.

அந்த 314 ஏக்கருக்குள் ஒரு சிறு கடையில் மதியச் சாப்பாடு. வறுத்த ரொட்டியின்மேல் டாக்கோ. பிசைந்த மைதாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் விரலால் ஓர் ஓட்டை போட்டு, கொதிக்கும் எண்ணெயில் விடுகிறார்கள். சோளாபூரிபோல உப்பி வருகிறது, ஆனால் தடிமன் அதிகம். விளிம்பு மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். மேலே வெந்த பீன்ஸ், நறுக்கிய லெட்யூஸ், தக்காளி, சீஸ், கார சால்சா. இது பூர்வகுடிகளின் பழைய உணவு அல்ல. நிலத்தை இழந்து அரசு ரேஷனில் வந்த மாவையும் கொழுப்பையும் வைத்துச் சமாளித்த காலத்தில் பிறந்தது. அக்கா சைவம். கறி வேண்டாம், எண்ணெய் என்ன எண்ணெய் என்று விசாரித்தாள். கடையில் இருந்த பெண் பொறுமையாகப் பதில் சொல்லி, பீன்ஸை இரண்டு மடங்காக அள்ளி வைத்தார். தட்டு கொள்ளாத ரொட்டி. பாதியை மடித்து ராத்திரிக்கு என்று எடுத்துவைத்தாள் அக்கா. அந்தப் பாதி காருக்கு வந்து சேர்வதற்குள் அத்தான் முடித்துவிட்டார்.

பிற்பகலில் இன்னொரு கோல்ஃப் மைதானத்துக்குப் போனோம். தெற்கே பதினோரு மைல். பேட்வாட்டர் சாலையிலிருந்து பிரியும் மண் பாதை. டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர். 1934இல் வந்த பூங்கா வழிகாட்டிப் புத்தகம் ஒன்று, இங்கே பிசாசால்தான் கோல்ஃப் ஆட முடியும் என்ற பொருளில் எழுதிவைக்க, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடந்த ஏரி வற்றியபின் நின்ற உப்பு இது. உழுதுபோட்ட கட்டிகள் அப்படியே கல்லாகிவிட்டன. பக்கத்துப் பேட்வாட்டர் படுகையில் வெள்ளம் வந்து உப்பைக் கரைத்து வழவழவென்று தடவிவிடும். இந்த இடம் சில அடி மேடு, வெள்ளம் எட்டாது. காற்றும் எப்போதாவது விழும் தூறலும் மட்டும் வேலை செய்வதால் உப்பு ஊசி ஊசியாக நிற்கிறது. குனிந்து ஒன்றை அருகில் பார்த்தேன்: அடியில் மண் கலந்த காவி, மேலே போகப்போக வெள்ளை, நுனியில் முடிபோன்ற மெல்லிய படிகங்கள். கால் தடுக்கிக் கையை ஊன்றினால் தோல் கிழியும். வெயில் ஏறும் நாளில் உப்பு விரிந்து 'டிங்' என்று உலோகம்போல ஒலிக்கும் என்று சொல்வார்கள். ஜனவரி வெயிலுக்கு அது வாய் திறக்கவில்லை. மேற்கே 3,368 மீட்டர் உயரத்தில் டெலஸ்கோப் சிகரம் பனியோடு நின்றது. காலடியில் உப்பு, தலைக்கு மேலே பனி. இரண்டும் ஒரே வெள்ளை.

மழை என்றால் இங்கே விளையாட்டில்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் ஓர் ஆண்டு மழையைக் கொட்டியது. சாலைகள் அறுந்தன, பூங்காவையே இரண்டு மாதம் மூடினார்கள். பேட்வாட்டரில் ஏரி திரும்பி வந்து, அடுத்த பிப்ரவரியில் அதில் படகு விட்டார்கள்.

இரவுச் சாப்பாடு, அந்த 1927 விடுதியில். ஆர்.வி.யில் போகிறவர்களுக்கு வெளியே சாப்பிடுவது வாரத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. அக்கா பட்டுச் சேலை கட்டவில்லை என்பது ஒன்றுதான் பாக்கி. அத்தான் காலர் வைத்த சட்டையை இஸ்திரி போடாததற்கு வசவு வாங்கினார். ஜனவரியில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே பனமின்ட் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. ஆகவே சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னலில் ஊதாக் கோடு மட்டுமே இருந்தது. சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறு கலந்த மார்கரிட்டா ஒன்று அத்தானுக்கு. பார்க்க ரோஸ் மில்க், குடிக்க வேறு சமாச்சாரம். எனக்கு மீன். அக்காவுக்குக் காளானும் பாஸ்தாவும். உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிமாறிய இளைஞர் கென்டக்கியிலிருந்து சீசனுக்கு வந்தவர், மே மாதம் அலாஸ்காவுக்குப் போகிறாராம். இங்கே வேலை செய்கிறவர்களும் பருவப் பறவைகள்தான். பில்லில் டிப்ஸையும் எழுதிவிட்டு, அக்கா கண்ணில் படாதபடி மடித்துக் கொடுத்தார் அத்தான்.

சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். தொண்ணூறு ஆண்டைக் கடந்தும் அந்த மண் செங்கல் கட்டடம் உறுதியாக இருக்கிறது. அறுத்தவர்களின் கிராமத்து மண் செங்கலும் அப்படித்தான் இருந்திருக்கும், விட்டிருந்தால். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிற எங்கள் வீட்டை யாரும் ஆளில்லாத வீடு என்று எழுதவில்லை. பணம் கட்டி இடம் பிடித்தவனுக்கு அது பொழுதுபோக்கு. பரம்பரையாக அதையே செய்தவனுக்கு அது குற்றமாகியிருக்கிறது. கோல்ஃப் நன்றாக இருந்தது, மீன் நன்றாக இருந்தது, ஆனால் அன்று நான் சாப்பிட்டதில் முதல் இடம் அந்த மைதா ரொட்டிக்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் விலை எக்கச்சக்கம். நெவாடாப் பக்கமிருந்து வந்தால் அறுபது மைலுக்கு முன்பே பாரம்பில் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். முகாமில் போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளைச் சாப்பாட்டையாவது டிம்பிஷா கிராமத்துக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். கடை எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்புமுன் விசாரித்துவிட்டுப் போங்கள்.